எண்ணெய் படாத மரை

யால்மார் எக்ரோத் யாரையும் லேசில் மதித்தவர் இல்லை. அரத்தைத் துடைக்காமல் பெட்டியில் போடுகிறவனோடு ஒரே மேசையில் காபி குடிக்க மாட்டார். ஸ்பேனர் வழுக்கினால் இரும்பைத் திட்டுகிறவனோடும் குடிக்க மாட்டார். டன்ஃபோர்டில் இருந்த ஸ்வீடன்காரர்களில் பாதிப் பேர் இதனாலேயே அவரோடு காபி குடித்ததில்லை. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

டன்ஃபோர்டு கம்பி ஆலை ஊர். மாசசூசெட்ஸில் அந்தப் பக்கம் எல்லாமே ஆலை ஊர்தான். சனிக்கிழமை சங்கு ஊதியதும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். ஸ்வீடன்காரர்கள் போக மாட்டார்கள். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் எடுத்துத் துடைத்து, மரை உள்ள இடமெல்லாம் விரல் நுனியால் எண்ணெய் தடவி, மறுபடி ஒற்றி எடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஆளுக்குக் குளியல், இரும்புக்கு எண்ணெய். இரண்டும் முடிந்தால்தான் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வரும். திங்கள் காலையில் எவனுடைய திருகாணியிலாவது துரு தெரிந்தால் அடுத்த வாரம் தேவாலயப் படிக்கட்டில் அதுதான் பேச்சு. ஒருவன் பெண்டாட்டியை அடித்தால்கூட அவ்வளவு பேச மாட்டார்கள்.

ஆலையில் மேஸ்திரி ப்ளோம்டால். முதலாளிக்குச் சொந்தக்காரப் பெண்ணைக் கட்டியதால் மேஸ்திரி ஆனவன். தேய்ந்துபோன உருளை ஒன்றை அவன் ஓட்டச் சொன்ன நாளில் யால்மாரின் ஆலை வாழ்க்கை முடிந்தது.

“எக்ரோத், இன்னும் ரெண்டு நாளைக்கு இதை ஓட்டு.”

“இது மத்தியானம் வரைக்கும் தாங்காது.”

“நான் சொல்றேன்ல, ஓட்டுய்யா.”

“என்கிட்ட எதுக்குச் சொல்ற? அந்த உருளைகிட்டப் போய்ச் சொல்லு. அது உன் பேச்சைக் கேக்குதான்னு பாப்போம்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். உருளை மத்தியானத்துக்கு முன்பே உடைந்தது. அதனால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

ஊரில் அப்போது ஃபிட்டர் தேடிக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர், பேராசிரியர் பென்ஹாலோ. நகரத்துக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர். ஊருக்கு வெளியே அவருடைய அத்தைக்கு ஒரு ஆப்பிள் தோட்டம் இருந்தது. அங்கே பழம் அடுக்குகிற கொட்டகையின் சன்னல்களுக்குக் காகிதம் ஒட்டி, உள்ளே ராக்கெட் செய்துகொண்டிருந்தார். வெடிமருந்து அடைத்த வாண வேடிக்கை இல்லை. இரண்டு திரவங்களைக் கலந்து எரித்து மேலே போகிற சாமான். உலகத்தில் அதுவரை எவனும் செய்து பறக்கவிட்டதில்லை. செய்திப் பத்திரிகை அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் நிலாவுக்கு எப்போது டிக்கெட் கொடுப்பார்கள் என்று கேட்டுத்தான் முடித்தது. முடிவெட்டுகிற க்விஸ்ட் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தான்.

“அந்தாளுக்கு மரை கழண்டுபோச்சு யால்மார். நீ போய் முடுக்கி விடப்போறியா?”

“வாயை மூடிட்டு வெட்டு. காதுக்குப் பக்கத்துல ஒழுங்கா வெட்டத் தெரியல, நிலாவைப் பத்திப் பேச வந்துட்டான்.”

இதைப் பேராசிரியர் மேல் உள்ள மரியாதை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொட்டகைக்குள் போன முதல் நாளே யால்மார் அந்த ராக்கெட்டைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். ஆள் உயரத்துக்கு மெல்லிய குழாய்கள். பழத்தோட்டத்து ஏணியை யாரோ பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டத் தெரியாமல் விட்ட மாதிரி இருந்தது. குழாயோடு குழாயைச் சேர்த்துப் பற்றவைத்த இடங்கள் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தன. பேராசிரியர் தன் கையாலேயே பற்றவைத்தவை.

பென்ஹாலோவும் யாரையும் மதித்தவர் இல்லை. ஆனால் அவருடையது படித்த இளக்காரம். குரல் உயராது. ஆளைப் பார்க்காமல், ஆளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துப் பேசுவார். தன் யோசனையை எவனாவது திருடிவிடுவான் என்ற பயம் அவருக்கு உண்டு. அதனால் எதற்கும் பெயர் சொல்ல மாட்டார். ஒரு திரவம் பெட்ரோல். மூக்கு இருக்கிற எவனுக்கும் தெரியும். இன்னொன்று நகரத்திலிருந்து இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவையில் வரும். வெளிர்நீலமாக, புகைந்துகொண்டு, தொட்டால் தோலை உரிக்கிற குளிரோடு இருக்கும். அதை அவர் ‘குளிர்ச் சரக்கு’ என்று மட்டும் சொல்வார். அது திரவமாக்கிய ஆக்சிஜன் என்பது யால்மாருக்குச் சொல்லப்படவில்லை.

“குளிர்ச் சரக்கு போற வழியில எங்கயும் எண்ணெய் படக் கூடாது, எக்ரோத். ஸ்பிரிட்ல கழுவி, காயவெச்சு, அப்படியே விடணும்.”

“மரைக்குமா?”

“மரைக்கும்.”

“எதுக்கு?”

“நான் சொல்றதால.”

யால்மார் தலையாட்டினார். ப்ளோம்டாலும் இதே பதிலைத்தான் சொன்னான் என்று நினைத்துக்கொண்டார். நாட்டில் மதுவிலக்கு. குடிக்க ஒரு சொட்டு கிடைக்காத காலத்தில் ஒரு குடுவை ஸ்பிரிட்டை ஊற்றிப் பித்தளையைக் குளிப்பாட்டுவது ஆர்விட்டுக்குப் பொறுக்கவில்லை. ஆர்விட் யால்மாரின் மச்சினன், மனைவி தெக்லாவின் தம்பி. கொட்டகையில் தூக்கிப்போடுகிற வேலைக்கு வந்திருந்தான்.

“யால்மார், இந்தக் குழாயெல்லாம் நம்மளவிட நல்ல நிலைமையில இருக்கு பாத்தியா? தினமும் போதையில மிதக்குது.”

“அதைக் குடிச்சா கண்ணு போயிடும். தள்ளி வை.”

பிறகு அவர் அடிக்கடி நினைத்துக்கொண்ட பதில் இது.

யால்மார் செய்த வால்வுதான் அந்த ராக்கெட்டில் உருப்படியான பாகம். அப்படித்தான் அவர் நினைத்தார். பித்தளை உடல், எஃகுத் தண்டு. குளிர்ச் சரக்கைத் திறந்துவிடுகிற வால்வு. மரையை அவர் எப்படி வெட்டியிருந்தார் என்றால், தண்டை விரலால் சுண்டிவிட்டால் தானே சுழன்று போய் உட்காரும். அது முடிந்த நாள் சனிக்கிழமை. சொன்னபடி ஸ்பிரிட்டில் கழுவினார். காயவைத்தார். பெட்டியிலிருந்த மற்றவற்றுக்கெல்லாம் எண்ணெய் போட்டு முடித்தார். கோட்டை மாட்டினார். திரும்பிப் பார்த்தார். எஃகுத் தண்டு வறண்டு, வெளுத்து, மேசை மேல் கிடந்தது.

ஞாயிறு முழுக்க அது அப்படியே கிடக்கும். வெளியே மழை வருகிற மாதிரி இருந்தது. கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியருக்கு மழையும் துருவும் என்ன தெரியும்? கொழுக்கட்டை பற்றவைக்கிறவர் மரையைப் பற்றிப் பேசுகிறார். யால்மார் கோட்டைக் கழற்றவில்லை. விரல் நுனியில் ஒரு துளி தொட்டார், மரையில் தடவினார், துணியால் ஒற்றி எடுத்தார். பார்த்தால் எண்ணெய் இருப்பது தெரியாது. இரும்புக்கு அது போதும்.

திங்கள் காலை ராக்கெட்டைத் தோட்டத்தின் நடுவில் சட்டத்தில் நிறுத்தினார்கள். நீளக் கழியின் நுனியில் எரியும் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆர்விட் நின்றான். அவன் விளக்கைக் காட்டினால் பற்றிக்கொள்ள வேண்டும். பேராசிரியர் மரத்தடுப்புக்குப் பின்னால் இருந்து வால்வின் கயிற்றை இழுத்தார். விளக்கு இன்னும் கிட்டவே போகவில்லை. வெள்ளையாக ஒன்று மின்னியது. சத்தம் பிறகுதான் கேட்ட மாதிரி இருந்தது. ஆர்விட் கழியை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்தான். அவனுடைய இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

அன்று சாயங்காலம் ஊரே யால்மார் பக்கம் சேர்ந்துவிட்டது. அதுவரை அவரோடு காபி குடிக்காதவன்கூடக் கையைப் பிடித்தான். பேராசிரியரின் பற்றவைப்பு விட்டுவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள். யால்மாரும் அதைத்தான் சொன்னார். சொல்வதற்காகவே மறுநாள் கொட்டகைக்குப் போனார்.

பென்ஹாலோ உடைந்த துண்டுகளை மேசையில் பரப்பிவைத்திருந்தார். நிமிரவில்லை. வால்வுத் தண்டின் மிச்சத்தை விரலால் யால்மார் பக்கம் தள்ளினார்.

“இது உடைஞ்சதா, எக்ரோத்?”

யால்மார் எடுத்துப் பார்த்தார். இழுபட்டு உடைந்த எஃகின் வாய் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது அப்படி இல்லை. தீக்குச்சி மாதிரி எரிந்து தீய்ந்திருந்தது. எஃகு எரிந்திருந்தது.

பேராசிரியர் ஒரு கந்தல் துணியில் யால்மாரின் எண்ணெய்க் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். கல்லின் மேல் வைத்தார். குடுவையிலிருந்து குளிர்ச் சரக்கைக் கொஞ்சம் அதன் மேல் ஊற்றினார். நீளக் கைப்பிடிச் சுத்தியலை எடுத்துத் தட்டினார். துப்பாக்கி சுட்ட மாதிரி வெடித்து, சுத்தியல் எகிறிக் கூரையில் இடித்தது. துணி இல்லை.

யால்மார் கல்லில் மிஞ்சிய கரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இதை அன்னிக்கே காட்டியிருக்கலாமே.”

“காட்டியிருந்தா நீ போய் அந்தக் க்விஸ்ட் கடையில சொல்லியிருப்ப. அவன் ஊரெல்லாம் சொல்லியிருப்பான்.”

“நான் யார்கிட்டயும் பேசறவன் இல்லையே.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் பென்ஹாலோ. உண்மைதான். ஒரு வருஷமாகப் பக்கத்தில் நின்ற மனிதனை அவர் ஒருதரம் கூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. “நீ எண்ணெய் போட்டியா?”

யால்மார் தண்டின் மிச்சத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“வாட்லி அடுத்த வாரம் வர்றார். இந்த வேலைக்கு யார் பணம் கொடுக்கறாங்களோ அவங்க ஆள். ஏன் வெடிச்சதுன்னு கேப்பார். என் வடிவமைப்புதான் தப்புன்னா கொட்டகையை மூடிடுவாங்க. எண்ணெய்தான் காரணம்னு நான் சொன்னா, கூலியாள் மேல பழியைப் போடறார்னுதான் நினைப்பார். ஊரும் உன் பக்கம். நீயா சொன்னாத்தான் உண்டு. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்.” மறுபடி சுவரைப் பார்த்தார். “நீ சொல்வேன்னு நான் எதிர்பாக்கல.”

சொல்லாமல் இருப்பதற்கு யால்மார் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டால் போதும். கோமாளி என்று ஊர் எப்போதோ முடிவுகட்டிய பேராசிரியர் கோமாளியாகவே இருப்பார். சொன்னால், மச்சினன் கண்ணைப் பறித்தது தன் விரல் நுனி என்று ஆகும். சனிக்கிழமை எண்ணெய்.

தேவாலயத்தில் காபி குடிக்கும்போது மெல்ல விஷயத்தை விட்டுப் பார்த்தார். மரைக்குக் கொஞ்சம் எண்ணெய் போட்டேன் என்றார். ஒருவன் அவர் முதுகில் தட்டினான்.

“பின்ன? எண்ணெய் போடாம எவன் விடுவான்? நல்லவேளை போட்ட. போடாம இருந்திருந்தா இன்னும் என்ன ஆயிருக்குமோ!”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஏலக்காய் ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்கள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் அதுவரை அவர் மதிக்கவில்லை, அன்றைக்கு அருவருத்தார். தன்னையும் சேர்த்து. ரொட்டியைத் தொடாமல் எழுந்தார்.

வீட்டுக்குப் போய்த் தெக்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவரை நேருக்கு நேர் பார்க்காமல்தான் பதில் சொன்னாள். “வாட்லியோ கீட்லியோ, அவங்க கிடக்கட்டும். மொதல்ல ஆர்விட்கிட்டச் சொல்லு.”

ஆர்விட் கட்டோடு சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் கண்ணால் உரித்ததில் பாதிக் கிழங்கு தோலோடு போயிருந்தது. யால்மார் சொன்னார். ஆர்விட் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“எண்ணெய் போடாதேன்னு அந்தாளு சொன்னாரா?”

“சொன்னாரு.”

“எதுக்குன்னு சொன்னாரா?”

“இல்ல.”

“நீ கேட்டியா?”

“ஒருதரம் கேட்டேன்.”

ஆர்விட் இன்னொரு கிழங்கை எடுத்தான். “ஒருதரம். சரிதான். அவரு சொல்லறதுக்கு நீ தகுதி இல்ல, நீ கேக்கறதுக்கு அவரு தகுதி இல்ல. ரெண்டு பெரிய மனுஷங்களும் சேர்ந்து என் கண்ணை எடுத்துட்டீங்க.” கொஞ்சம் கழித்து, “போய்ச் சொல்லு. கண்ணு போனதுக்குக் காரணமாவது சரியா இருக்கட்டும்,” என்றான்.

வாட்லி ரோமக் கழுத்துப்பட்டை வைத்த கோட்டில் வந்தார். தோட்டத்துச் சேற்றைப் பார்த்து, தன் காலணியைப் பார்த்து, பிறகுதான் ராக்கெட்டின் மிச்சத்தைப் பார்த்தார். பென்ஹாலோ ஏதோ அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாட்லி கொட்டாவியை மறைக்கவில்லை.

“எனக்கு இதெல்லாம் வேண்டாம், புரொபசர். எதனால வெடிச்சது?”

பென்ஹாலோ வாயைத் திறப்பதற்கு முன் யால்மார் தொப்பியைக் கழற்றினார்.

“நான் எண்ணெய் போட்டேன். போடக் கூடாதுன்னு இவர் சொல்லியிருந்தார். வால்வு சரியா இருந்தது. அவர் கணக்கும் சரிதான். பற்றவைப்பு மட்டும் கேவலம், ஆனா அதனால வெடிக்கல.”

வாட்லி முதல்முறையாகச் சுவாரசியம் காட்டினார். யால்மாரிடம் பேசவில்லை, பேராசிரியரிடம் கேட்டார். “இந்த ஆளை இன்னும் வெச்சிருக்கீங்களா?”

“இன்னிக்கு வரைக்கும்,” என்றார் பென்ஹாலோ. ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

கொட்டகை மூடப்படவில்லை. யால்மாரின் வேலை போயிற்று. பெட்டியைக் கட்டும்போது அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

“புது வால்வு பாதியில நிக்குது. முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்.”

“சம்பளம் கிடையாது.”

“நான் கேக்கல.”

அந்த வால்வுக்காகப் புதிதாக ஒரு ஸ்பேனர் வாங்கினார். ஸ்பேனரையும் ஸ்பிரிட்டில் கழுவினார். பெட்டிக்குள் மற்றவற்றோடு சேரவிடாமல் கொதிநீரில் அலசிய துணியில் தனியாகச் சுற்றிவைத்தார். சனிக்கிழமை வந்தது. எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டார். தண்டும் ஸ்பேனரும் வறண்டு வெளுத்துக் கிடந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டுக்குப் போனார்.

மார்ச் மாதம், தோட்டத்தில் பனி இன்னும் திட்டுத்திட்டாகக் கிடந்தபோது, பேராசிரியர் மறுபடி முயன்றார். யால்மார் உள்ளே போக முடியாது. சாலையோரக் கற்சுவருக்கு இந்தப் பக்கம் ஆர்விட்டோடு நின்றார். ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை. கழியைப் பிடித்திருந்தது புதிதாக வேலைக்கு வந்த ஒருவன். கயிறு இழுபட்டது. முதலில் உறுமல் மட்டும் வந்தது, சாமான் அசையவில்லை. பிறகு, கிளம்ப வேண்டும் என்று நினைவு வந்த மாதிரி, சட்டத்தைவிட்டு எழுந்தது. மொட்டை ஆப்பிள் மரங்களுக்கு மேலே போயிற்று. சாய்ந்தது. அடுத்த வயலில், போன வருஷத்து முட்டைக்கோஸ் அடிக்கட்டைகளுக்கு நடுவே போய்க் குத்தி நின்றது. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம்தான்.

“அவ்வளவுதானா?” என்றான் ஆர்விட்.

“வால்வு தாங்கிடுச்சு,” என்றார் யால்மார்.

பென்ஹாலோ வயலைப் பார்த்து ஓடினார். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

யால்மார் ப்ளோம்டாலின் கீழேயே ஆலைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. உருளை உடைந்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருஷக்கணக்கில் தினமும் சிரித்தான். ஊர் அவரை ‘நிலாக்காரர்’ என்று கூப்பிட்டது. எண்ணெய் போட்டதை ஒப்புக்கொண்ட முட்டாள் என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசியது. அவர் யாரோடும் காபி குடிக்காமல் கிழவரானார்.

மனிதன் நிலாவில் இறங்கிய வருஷம் டன்ஃபோர்டு அந்த முட்டைக்கோஸ் வயலில் ஒரு கல் நட்டது. பென்ஹாலோ செத்து வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் அவரைப் புகழ்வது சுலபமாக இருந்தது. க்விஸ்டின் மகன் அப்போது மேயர். “இந்த ஊர் அவரை எப்போதும் நம்பியது” என்று மேடையில் பேசினான். அப்பன் கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். பத்திரிகை அந்த வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் போட்டது. அதே பத்திரிகைதான். யால்மார் முழுவதும் படித்தார். “நம்புனாங்களாம்,” என்றார். படித்த தாளைக் கிழித்து, அன்று சனிக்கிழமையானதால், அரத்தைத் துடைத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் இறந்தார். தெக்லாவும் ஆர்விட்டும் முன்பே போயிருந்தார்கள். மகள் கெர்டா மட்டும் வந்து அடக்கம் செய்தாள். அவள் உலோகவியல் படித்தவள். குளிர்திரவ வால்வுகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவைப் பார்க்கிறவள். அங்கே எண்ணெய் கூடாது என்ற விதிக்குக் கீழே, எதற்கு என்பதையும் சுவரில் எழுதிவைத்தவள் அவள்தான்.

தேவாலயத்தில் காபி குடித்துவிட்டு மேயர், கெர்டாவோடு யால்மாரின் வீடு வரைக்கும் வந்தான். பெட்டியில் ஊர்க் காட்சிசாலையில் வைக்கிற மாதிரி ஏதாவது இருக்குமா என்று பார்க்கத்தான் வந்திருந்தான். கெர்டா பெட்டியைத் திறந்தாள். எல்லாம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி மின்னியது. மூலையில் துணியில் சுற்றியது ஒன்று இருந்தது. பிரித்தாள். ஒரு ஸ்பேனர், தலை முதல் கால் வரை துருப்பிடித்துப் பழுப்பேறியிருந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேறு எதற்கும் அன்று அவள் அழவில்லை.

“ஐயையோ, இதை மட்டும் எப்படி விட்டார்?” என்றான் மேயர். “கொஞ்சம் எண்ணெய் போட்டா சரியாயிடுமே. வீட்ல எண்ணெய் இருக்கா?”

“இதுக்குப் போடக் கூடாது.”

“எதுக்கு?”

கெர்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரவ ஆக்சிஜனில் தொடங்கிச் சொன்னாள். பாதியிலேயே அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், தொப்பியைத் தேடினான், கதவு வரைக்கும் நகர்ந்துவிட்டான். அவள் நிறுத்தவில்லை. முழுவதும் சொல்லி முடித்தாள்.